கதை சொல்லும் விளம்பரங்களும் கணக்குக் கேட்காத மனமும்

பிரேசர் டவுனில் உள்ள எங்கள் கிளையின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. டோக்கன் எண் அழைக்கப்படுவது காதில் விழவேண்டும் என்பதற்காக அதன் ஒலியை அடக்கியே வைத்திருப்போம். எதிரே அமர்ந்திருப்பவர்களில் தமிழர்கள் உண்டு. கன்னடம், உருது, ஆங்கிலம் பேசுவோரும் உண்டு. செய்தி ஓடும்போது பெரும்பாலும் எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. விளம்பரம் வந்தால் பார்க்கிறார்கள். மணக்கோலத்தில் நிற்கும் மகளைப் பார்த்துக் கண் கலங்கும் தந்தை, முதல் சம்பளத்தில் வாங்கிய பொருளைத் தாயின் கையில் வைக்கும் இளைஞன், தேர்வில் தோற்ற சிறுவனின் தோளில் விழும் தாத்தாவின் கை. படம் எந்த மொழியில் எடுக்கப்பட்டது என்று தெரியாமலே நான்கு மொழிக்காரர்களுக்கும் கதை புரிந்துவிடுகிறது. புரியாமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: விற்கப்படும் பொருள் எது என்பது. அது கடைசியில்தான் வருகிறது.

நான் வணிகவியல் படித்த நாளில், விளம்பரம் என்பதற்குப் பாடநூல் தந்த இலக்கணம் எளியது. பொருள் ஒன்று இருக்கிறது என்று அறிவித்தல், அதன் பயனை எடுத்துரைத்தல், வாங்குமாறு தூண்டுதல். இன்றைய விளம்பரப் படங்கள் பலவற்றில் முதல் இரண்டும் இல்லை. ஐம்பது வினாடிகள் ஒரு குடும்பக் கதை நடக்கிறது. எஞ்சிய பத்து வினாடிகளில் பொருளின் பெயர் தோன்றி மறைகிறது. இப்படிப் பணத்தைச் செலவிடும் நிறுவனங்கள் கணக்கறியாதவை அல்ல. அப்படியானால் அந்தக் கதை நம் மனத்தில் செய்யும் வேலை என்ன? அதனால் நம் வரவு செலவுக்கு நேர்வது என்ன? கடன் விண்ணப்பங்களையும் அடகு நகைகளையும் நாள்தோறும் பார்ப்பவன் என்ற முறையில் இவற்றைச் சற்று ஆராய விரும்புகிறேன்.

லலிதாஜியின் காலம்

இந்தியத் தொலைக்காட்சியில் விளம்பரங்கள் தொடங்கியது 1976 ஜனவரி முதல் நாள். 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1984-இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'ஹம் லோக்' தொடருக்கு விளம்பர ஆதரவு தந்தது, அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தியச் சந்தையில் அறிமுகமாகியிருந்த மேகி நூடுல்ஸ். ஒரு குடும்பக் கதையும் ஒரு புதிய உணவுப் பொருளும் கைகோத்துக்கொண்டு நம் கூடத்துக்குள் நுழைந்தது அப்போதுதான்.

அக்காலத்து விளம்பரங்களில் இன்றும் பலர் மறவாதவர் லலிதாஜி. அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-இல் தொடங்கிய நிர்மா சலவைத்தூள், சர்ஃபின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு விற்றுச் சந்தையைக் கைப்பற்றிக்கொண்டிருந்தது. விலையைக் குறைத்துப் போட்டியிட முடியாத நிலையில், லிண்டாஸ் நிறுவனத்தின் அலீக் பதம்சி, வெள்ளைப் புடவை உடுத்திய கண்டிப்பான ஓர் இல்லத்தரசியை உருவாக்கினார். கவிதா சௌத்ரி நடித்த அந்த லலிதாஜி காய்கறிக் கடையில் பேரம் பேசுவார். மலிவாக வாங்குவது வேறு, நல்லதாக வாங்குவது வேறு என்று நமக்கு எடுத்துச் சொல்வார். அரைக் கிலோ சர்ஃபும் ஒரு கிலோ சாதாரணத் தூளும் ஒரே அளவுக்குத் துவைக்கும் என்பது அவர் வாதம்.

இன்று நினைத்துப் பார்த்தால் அந்த விளம்பரத்தின் மரியாதை வியப்பளிக்கிறது. ஒரு பாத்திரம் இருந்தது, குணம் இருந்தது, கதைக்குரிய பதற்றமும் சிறிது இருந்தது. ஆயினும் எடையும் விலையும் பேச்சின் நடுவே இருந்தன. பார்ப்பவர் கணக்குப் போடத் தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட விளம்பரம் அது.

அந்த மரபு தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் முற்றிலும் அழிந்துவிடவில்லை. வசந்த் அண்ட் கோவின் வசந்தகுமார் தாமே திரையில் தோன்றிப் பொருள்களை அறிமுகம் செய்தார். லலிதா ஜுவல்லரியின் உரிமையாளர் கிரண்குமார், எங்கள் விலையை மற்றக் கடைகளின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்கிறார். விளம்பரத் துறையினர் இவற்றைக் கலைநயம் அற்றவை என்று சொல்லக்கூடும். செய்கூலி, சேதாரம் என்ற சொற்களை வீட்டுக் கூடத்தில் உரக்கச் சொன்னவை இத்தகைய விளம்பரங்களே என்பதால் எனக்கு இவற்றின்மீது தனி மதிப்பு உண்டு.

ஓசூரிலிருந்து ஒரு பரிசு

கதை சொல்லும் விளம்பரம் எப்படி வளர்ந்தது என்று அறிய நாம் மும்பைக்குப் போகவேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சென்றால் ஓசூர். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் இணைந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே அமைந்தது. நிறுவனத்தை வழிநடத்தியவர் செர்க்சஸ் தேசாய்.

அதற்கு முன்பு கைக்கடிகாரம் என்றால் எச்.எம்.டி.தான். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. பத்தாம் வகுப்பில் தேறிய மகனுக்கும், தாலி கட்டப்போகும் மருமகனுக்கும் எச்.எம்.டி. வாங்கித் தருவது அக்காலக் குடும்ப வழக்கம். அதாவது, கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்கும் பழக்கத்தை டைட்டன் உண்டாக்கவில்லை; அது ஏற்கெனவே நம்மிடம் இருந்தது. டைட்டனும் அதன் விளம்பர நிறுவனமான ஓகில்வியும் செய்தது அந்தப் பழக்கத்தைக் கதையாக்கித் திரையில் காட்டியதுதான். நேரம் காட்டும் கருவியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் கணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

அந்தக் கணத்துக்கு ஓர் இசையும் கிடைத்தது. மொசார்ட் தம் பதினேழாம் வயதில், 1773-இல் இயற்றிய இருபத்தைந்தாம் சிம்பொனியின் தொடக்கப் பகுதியை ஓகில்வியின் சுரேஷ் மல்லிக் தேர்ந்தெடுத்தார். பின்னர் அது எத்தனையோ வடிவங்களில் ஒலித்தது. மேற்கத்தியச் செவ்வியல் இசையை ஒருநாளும் கேட்டிராத வீடுகளிலும் அந்த மெட்டு கேட்டவுடன் 'டைட்டன்' என்பார்கள். மொசார்ட் அறிந்தால் மகிழ்வாரோ வருந்துவாரோ தெரியாது.

டைட்டனின் ஒரு விளம்பரப் படத்தில், ஓய்வு பெறும் பேராசிரியர் ஒருவர் தம் கடைசி வகுப்புக்கு வருகிறார். மாணவர்கள் மேசையைத் தட்டத் தொடங்குகிறார்கள். ஒழுங்கீனம் என்று நினைக்கும் நேரத்தில் தட்டல் தாளமாகிறது, தாளம் அந்தப் பழகிய மெட்டாகிறது. முடிவில் ஒரு பரிசுப் பெட்டி. கடிகாரம் எத்தனை ஆண்டு உழைக்கும், நீர் புகுமா புகாதா, விலை என்ன என்பவை எதுவும் இல்லை. இருந்தால் படம் கெட்டுப்போயிருக்கும். ஆசிரியரிடம் நன்றி சொல்ல மறந்துபோன நம் பழைய கடன் ஒன்றை அந்தப் படம் கிளறிவிடுகிறது. பிறகு அந்தக் கடனைத் தீர்க்க ஒரு கடையையும் காட்டுகிறது.

இதே நிறுவனத்தின் நகைப் பிரிவான தனிஷ்க் வேறொரு பாடத்தையும் தருகிறது. 1996-இல் சென்னை கதீட்ரல் சாலையில் அதன் முதல் கடை திறந்தது. தொடக்கத்தில் 18 காரட் நகைகளை முன்வைத்தார்கள். 22 காரட்டில் பழகிய குடும்பங்கள் ஏற்கவில்லை. அழகிய வடிவமைப்பும் பெரிய பெயரும் இருந்தும் தொடக்க ஆண்டுகள் நட்டத்திலேயே கழிந்தன. நிலைமை மாற உதவியது கதை அன்று, ஓர் இயந்திரம். நகையை உரசாமல், உருக்காமல் தங்கத்தின் தூய்மையைக் காட்டும் 'காரட் மீட்டர்' கருவியைக் கடைகளில் வைத்தார்கள். வீட்டு நகைகளைக் கொண்டுவந்து பரிசோதித்தவர்களில் பலர், 22 காரட் என்று நம்பி வேறு இடங்களில் வாங்கியது அதற்குக் குறைவானது என்று தம் கண்ணாலேயே கண்டார்கள். எண் ஒன்று நம்பிக்கை தந்த பிறகுதான் உணர்ச்சிக் கதைகளுக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது.

அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் 2013-இல் தனிஷ்க் ஒரு மறுமணக் கதையைச் சொன்னது. கௌரி ஷிண்டே இயக்கிய அந்தப் படத்தில் மணப்பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு சிறுமகள் இருக்கிறாள். அக்கினியைச் சுற்றி வரும்போது தானும் சுற்ற வேண்டும் என்று குழந்தை கேட்க, மணமகன் அவளைத் தூக்கிக்கொள்கிறார். பெண்ணின் மறுமணத்தைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிய வீடுகளில் அந்த ஒன்றரை நிமிடம் விவாதத்தை எழுப்பியது. நகை விற்பதற்காக எடுத்த படம்தான் என்றாலும், அது செய்த நன்மையை நான் மறுக்கமாட்டேன். விளம்பரக் கதைகள் யாவும் ஏமாற்று என்று ஒரே கோலால் அடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பொருள் ஏன் தாமதமாக வருகிறது?

பொருளின் பெயர் தொடக்கத்திலேயே வந்துவிட்டால் நம் மனம் வாங்குபவரின் மனமாக மாறிவிடுகிறது. விலை என்ன, தேவைதானா என்று கேட்கத் தொடங்குகிறது. கதை முதலில் வந்தால் நாம் பார்வையாளராகவே இருக்கிறோம். பார்வையாளருக்குப் பேரம் பேசும் வேலை இல்லை.

1994-இல் வந்த கேட்பரி டெய்ரி மில்க் விளம்பரத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர் சிக்சர் அடித்தவுடன் அவருடைய தோழி காவலரை ஏமாற்றிவிட்டு மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடுவாள். ஓகில்வியின் பியூஷ் பாண்டே எழுதிய அந்தப் படம், குழந்தைகளின் தின்பண்டமாக இருந்த சாக்லேட்டைப் பெரியவர்களும் கூச்சமின்றிச் சாப்பிடும் பொருளாக மாற்ற முயன்றது. சாக்லேட்டின் சுவை பற்றிய வாதம் ஒன்றும் அதில் இல்லை. 2021-இல் அதே படத்தைப் பெண்கள் கிரிக்கெட்டாக மாற்றி, ஆடி ஓடுபவரை ஆணாக்கி மீண்டும் எடுத்தார்கள்.

பெங்களூரை இருப்பிடமாகக் கொண்ட நிர்வாணா ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் பிரகாஷ் வர்மா இயக்கிய ஹட்ச் விளம்பரம் 2003-இல் வெளியானது. சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் நாய்க்குட்டி பின்தொடரும், அவ்வளவுதான் கதை. கைப்பேசி நிறுவனத்தின் வலைப்பின்னல் எல்லா ஊர்களிலும் கிடைக்கும் என்ற வறண்ட செய்தி ஒரு நாய்க்குட்டியின் விசுவாசமாக மாறியது. கைப்பேசி இணைப்பு எவ்வளவு விற்றதோ, நாடெங்கும் பக் நாய்க்குட்டிகளுக்குக் கிராக்கி ஏற்பட்டது உண்மை. ஹட்ச் என்ற பெயர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் கோல்ஸ் பூங்காப் பக்கம் காலை நடைக்கு வருவோரின் கையில் ஒரு பக்கைக் கண்டால் 'ஹட்ச் நாய்' என்று சொல்பவர்களை இன்றும் கேட்கலாம்.

தாய்லாந்தின் ஆயுள் காப்பீட்டு விளம்பரம் ஒன்று 2014-இல் உலகெங்கும் பகிரப்பட்டது. நடந்துபோகும் ஓர் எளிய மனிதர், வாடிய செடித் தொட்டியை மழைநீர் வடியும் இடத்துக்கு நகர்த்தி வைக்கிறார். தெருநாய்க்குத் தம் உணவில் பங்கு தருகிறார். படிக்கப் பணமின்றிக் கையேந்தும் சிறுமிக்குக் காசு கொடுக்கிறார். நாள்கள் கடக்கின்றன. சிறுமி பள்ளிச் சீருடையில் வந்து நிற்கிறாள். காப்பீட்டுத் தொகை எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு என்ற பேச்சே கிடையாது. பார்த்து முடித்தபின் அந்த நிறுவனம் நல்ல நிறுவனம் என்ற எண்ணம் மட்டும் தங்குகிறது. அந்த எண்ணத்துக்குக் கதையில் எந்த ஆதாரமும் இல்லை என்பது, கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் உறைக்கிறது.

கதைக்கு என்ன விலை என்று கேட்டால், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2009-இல் அமெரிக்க எழுத்தாளர்கள் ராப் வாக்கர், ஜோஷுவா கிளென் இருவரும் பழைய பொருள் கடைகளில் பொம்மை, கோப்பை, சாவிக்கொத்து போன்ற நூறு சில்லறைப் பொருள்களை மொத்தம் 128.74 டாலருக்கு வாங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தாளரைக் கொண்டு கதை எழுதச் செய்து, அந்தக் கதையோடு இணையத்தில் ஏலம் விட்டார்கள். கதை முழுக்கக் கற்பனை என்பதை மறைக்கவும் இல்லை. கிடைத்த தொகை 3,612.51 டாலர். வாங்கிய விலையைப் போல ஏறத்தாழ 28 மடங்கு. கற்பனை என்று தெரிந்த கதைக்கே இந்த மதிப்பு என்றால், நம் சொந்தத் தாய் தந்தையரை நினைவூட்டும் கதைக்கு மதிப்பு இன்னும் ஏறாதா?

கொடையும் பெருமிதமும்

உணர்ச்சிகளை வகைப்படுத்துவதில் நம் மொழிக்கு நீண்ட மரபு உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் சிரிப்பு, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் சொல்கிறது. பாத்திரத்தின் மனத்தில் உள்ளது உடம்பில் தோன்றிப் பார்ப்பவருக்குப் புலப்படுவதே மெய்ப்பாடு. ஒலியடக்கிய தொலைக்காட்சியில் விளம்பரம் புரிவதன் விளக்கம் இதைவிடச் சுருக்கமாகக் கிடைக்காது.

அழுகை பிறக்கும் காரணங்களாகத் தொல்காப்பியர் சொல்வன இளிவு, இழவு, அசைவு, வறுமை. அசைவு என்பது முன்பிருந்த நிலையிலிருந்து மாறித் தளர்தல். வகுப்பறையை விட்டுப் போகும் அந்தப் பேராசிரியரின் நிலை இதுதான். இளிவரல் என்ற மெய்ப்பாட்டை, அதாவது தாழ்வுணர்ச்சியை, அதிகமாகப் பயன்படுத்தியவை சருமத்தை வெளுக்கச் செய்வதாகச் சொன்ன களிம்பு விளம்பரங்கள். நிறம் குறைந்த பெண்ணுக்கு வேலையும் வரனும் கிடைக்காது என்ற கதையைப் பல்லாண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1975-இல் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கிக்கொண்டது 2020-இல்தான். அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பெண்கள் கண்ணாடி முன் தலை குனிந்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கு ஏது?

என் கவனத்தை ஈர்ப்பது பெருமிதம். அது கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கால் பிறக்கும். இவற்றில் கொடையைத்தான் இன்றைய விளம்பரங்கள் இறுகப் பற்றிக்கொண்டுள்ளன. நகை, கடிகாரம், இனிப்புப் பெட்டி, கைப்பேசி, வீடு எனப் பொருள் எதுவாயினும் கதையில் ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் பெறுகிறார். பெறுபவரின் மகிழ்ச்சியைக் காட்டுவதாக நமக்குத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் கேமரா முடிவில் கொடுப்பவரின் முகத்தில்தான் நிற்கும். பணம் செலுத்தப்போகிறவர் அவர்தானே.

கொடுக்கும் நிலையில் இருப்பவர் விலை கேட்கக் கூசுவார். இது நம் பண்பாட்டில் ஊறிய ஒன்று. சீர்வரிசைத் தட்டில் விலைச்சீட்டை வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. விளம்பரக் கதை நம்மைக் கொடுப்பவராக அமர்த்திவிட்டால் கணக்குக் கேட்பது அற்பத்தனம் போலத் தோன்றும்.

இதை நான் என் மேசையிலிருந்தே காண்கிறேன். தன் சொந்த உபயோகத்துக்கு வாகனக் கடன் கேட்பவர் கால் சதவீத வட்டிக்காக மூன்று வங்கிகளை ஏறி இறங்குகிறார். செயலாக்கக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்கிறார். பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கோ, மகளின் திருமணத்துக்கோ தனிநபர் கடன் கேட்பவர் தொகை எப்போது கைக்கு வரும் என்று மட்டுமே கேட்கிறார். வட்டியைச் சொல்லத் தொடங்கினால், "பரவாயில்லை சார், நல்ல காரியம்" என்று கையெழுத்திடுகிறார். நல்ல காரியத்துக்கு வட்டி குறைவதில்லை. ஒரு லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டியில் 36 மாதங்களுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 3,321 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஏறத்தாழ 1,19,570 ரூபாய் ஆகியிருக்கும். படம் ஓடுவது ஒரு நிமிடம். தவணை மூன்று ஆண்டு.

கதையின் மறுபக்கத்தையும் வங்கிதான் பார்க்கிறது. திருமணத்துக்கு வாங்கிய கல் பதித்த ஆரத்தைச் சில ஆண்டுகள் கழித்து ஒரு பெண்மணி அடகுக்குக் கொண்டுவருகிறார். கணவரின் மருத்துவச் செலவு, அல்லது பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசுகிறார், எடை போடுகிறார், கல்லுக்கும் அரக்குக்கும் உரிய எடையைக் கழிக்கிறார். செய்கூலியும் சேதாரமும் அவர் கணக்கில் வருவதே இல்லை. "கல்லுக்கும் சேர்த்துத்தானே சார் அன்னைக்குக் காசு கொடுத்தோம்?" என்று கேட்டவர்கள் உண்டு. வைரம் என்றைக்கும் நிலையானது என்ற பொருள்பட 1947-இல் டி பீர்ஸ் நிறுவனத்துக்காக ஃபிரான்சஸ் ஜெரட்டி எழுதிய விளம்பர வாசகம் உலகையே மணமோதிரத்துக்கு வைரம் வாங்க வைத்தது. எங்கள் மதிப்பீட்டாளரின் தராசில் அந்த வாசகத்துக்கு எடை இல்லை.

இதைச் சொல்லும்போது என் துறையையும் விட்டுவிட முடியாது. வீட்டுக் கடன் விளம்பரத்தில் புது வீட்டின் வாசலில் கோலமிடும் தாயைத்தான் வங்கிகள் காட்டுகின்றன. 240 மாதத் தவணை அட்டவணையை அல்ல. பரஸ்பர நிதி விளம்பரத்தின் இறுதியில் சந்தை அபாயம் பற்றிய எச்சரிக்கை எந்த வேகத்தில் வாசிக்கப்படுகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

சட்டத்தின் எல்லை

விளம்பரங்களை நெறிப்படுத்த அமைப்புகள் இல்லாமல் இல்லை. விளம்பரத் துறையினர் தாமே அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தரநிலைக் குழு 1985 முதல் இயங்குகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்; மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரை. 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள், பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரக் கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் இருக்கவேண்டும் என்கின்றன.

இவை யாவும் கூற்றுகளைப் பற்றியவை. கிருமிகளில் இத்தனை சதவீதம் அழியும், இத்தனை நாளில் உயரம் கூடும் என்று ஒரு விளம்பரம் சொன்னால், மெய்ப்பிக்கும்படி கேட்கலாம். ஒரு தந்தை கண் கலங்குகிறார் என்பது கூற்று அன்று. அதில் பொய் இல்லை. எனவே அதைப் பிடிக்கச் சட்டத்துக்குக் கை இல்லை. கை இருக்கவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கதை முடிந்து நாம் கடைக்கோ வங்கிக்கோ வரும்போது எண்கள் வந்தே ஆகவேண்டும். அங்கே நமக்கு உரிமைகள் உண்டு. தங்க நகைக்கு 2021 ஜூன் முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. நகையில் உள்ள ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளத்தை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு நாமே சரிபார்க்கலாம். ரசீதில் தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, செய்கூலி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லலாம். பண்டிகைக்காலத்து 'வட்டியில்லாத் தவணை' பற்றி ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பூஜ்ய வட்டி என்ற ஒன்று இல்லை, அது கட்டணமாகவோ கிடைக்கவேண்டிய தள்ளுபடியை இழப்பதாகவோ மாறி வருகிறது. ஆயுள் காப்பீடு எடுத்தவருக்கு, பாலிசி கைக்கு வந்தபின் அதைப் படித்துப் பார்த்து வேண்டாம் என்று திருப்பித் தர முப்பது நாள் அவகாசம் உண்டு.

கடனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இப்போது வந்திருக்கிறது. 2024 அக்டோபர் முதல், புதிதாக வழங்கும் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் கே.எஃப்.எஸ். எனப்படும் முக்கிய விவர அறிக்கையை வங்கி தந்தாக வேண்டும். வட்டியையும் ஏனைய கட்டணங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் ஒரே எண்ணாக இருக்கும். அதில் குறிப்பிடாத கட்டணத்தை உங்கள் சம்மதமின்றிப் பின்னர் வசூலிக்க முடியாது. கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்கவேண்டும் என்பதும் விதி. பிரேசர் டவுனில் வசிப்பவர் தமிழில் வேண்டும் என்று கேட்பதில் தவறேதும் இல்லை, கூச்சப்படாமல் கேளுங்கள். அறிக்கையைப் பெற்றவுடனே கையெழுத்திட வேண்டிய அவசியமும் இல்லை. ஏழு நாள் அல்லது அதற்கு மேற்பட்ட காலத்துக்கான கடன் என்றால் அந்த அறிக்கை குறைந்தது மூன்று வேலை நாள்களுக்குச் செல்லும். திங்கட்கிழமை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் அனைவரும் உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை வந்தாலும், அதே வட்டி, அதே கட்டணம்.